மாநிறத்துக்கு ஒரு பிராம்ப்ட்

பிராம்ப்ட் எழுதுகிற வேலை என்பது, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாத வாடிக்கையாளருக்கும், சொன்னதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வரைகிற ஏ.ஐ.க்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பது.

எங்கள் அலுவலகம் லிங்கராஜபுரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. கடை போர்டு, கல்யாணப் பத்திரிகை, விழா பேனர் எல்லாம் செய்து கொடுக்கிறோம். முன்பெல்லாம் நெட்டில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டுவோம். இப்போது எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று நான் இங்கிலீஷில் நாலு வரி தட்டினால் ஏ.ஐ. வரைந்து கொடுத்துவிடும். அந்த நாலு வரிக்குப் பெயர்தான் பிராம்ப்ட். "நம்ம மேடம் ஒரு வரி அடிச்சா போதும், படம் வந்து விழும்" என்று எங்கள் முதலாளி ஜெரால்டு சார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். விழுவது உண்மைதான். யார் தலையில் விழுகிறது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

நீங்கள் தையல் கடை வைத்திருக்கலாம், வீடு கட்டிக்கொடுக்கலாம், சமையல் கான்ட்ராக்ட் எடுக்கலாம். "நான் மனசுல நெனச்ச மாதிரி வரலையே" என்ற வாசகத்தை ஒரு தடவையாவது கேட்டிருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். வாருங்கள், சேர்ந்தே அலுத்துக்கொள்வோம்.

கிரீடம் பேடா

நான் வாணியம்பாடிக்காரி. கல்யாணமாகித்தான் பெங்களூர் வந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கன்னடம் சுத்தமாகத் தெரியாது. ஜெரால்டு சார் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறது. கன்னட வாடிக்கையாளர்கள் சொல்வதை அவர் பாதி தமிழும் பாதி கன்னடமுமாகத் தமிழ் எழுத்தில் அடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார். ஒரு பெயர் சூட்டு விழா பேனருக்கு அப்படி வந்த குறிப்பு: "தொட்டிலில் குழந்தை, நிறைய பூ, கிரீடம் பேடா." கன்னடத்தில் பேடா என்றால் வேண்டாம் என்று அர்த்தம். தமிழில் எழுதிவிட்டால் அதற்கும் இனிப்புக் கடையில் விற்கிற பேடாவுக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. விசேஷ வீடு, இனிப்பு இல்லாமலா இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, தலையில் கிரீடமும் பக்கத்தில் ஒரு தட்டு பேடாவுமாகக் குழந்தையை வரவழைத்துவிட்டேன்.

விஷயம் தெரிந்த பிறகு 'கிரீடம் இல்லாத குழந்தை' என்று திருத்தி எழுதினேன். கிரீடம் இன்னும் பெரிதாகிவிட்டது. தொழிலின் முதல் பாடம் அன்றுதான் புரிந்தது. எங்கள் ஏ.ஐ.க்கு 'இல்லை', 'வேண்டாம்' எல்லாம் சரியாகக் காதில் விழாது. ஒரு பொருளின் பெயரைச் சொல்லிவிட்டால் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். ஆகவே வேண்டாததைப் பற்றி நாம் மூச்சே விடக் கூடாது. கிரீடம் என்ற வார்த்தையையே ஒழித்துவிட்டு, 'தலை நிறையச் சுருட்டை முடி' என்று எழுதித் தப்பித்தேன். கையோடு பேடா தட்டையும் எடுத்துவிட்டேன். பழைய படத்தையும் புதிய படத்தையும் வைத்துப் பார்த்த குழந்தையின் அப்பா, என் முழியைப் பார்த்து இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறினார்: "கிரீடத்தை எடுத்தது சரி மேடம், பேடாவை ஏன் எடுத்தீங்க? அது நல்லாத்தானே இருந்துச்சு."

கலரா ஒரு பொண்ணு

பக்கத்து மேஜை நாகேஷுடையது. நான் வரவழைக்கும் படத்தை போர்டிலும் பத்திரிகையிலும் பொருத்தி எழுத்து சேர்ப்பது அவன் வேலை. கன்னடக்காரன், தமிழ் சரளமாகப் பேசுவான். ஆனால் தமிழ் வீட்டில் வளர்ந்தவன் இல்லை. நான் லீவு போட்ட ஒரு நாளில் புடவைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்து, "பொண்ணு நல்லா கலரா இருக்கணும், அவ்ளோதான்" என்றிருக்கிறார். நம்மிடம் கலர் என்றால் அது வானவில்லில் இருக்கிற எதுவும் இல்லை, வெளுத்த தோல் என்று நாகேஷுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கறுப்பாக இருப்பவளை 'கலர் கம்மி' என்போம். கறுப்பை ஒரு கலராகவே நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. நாகேஷ் பாவம், 'கலர்ஃபுல்' என்று எழுதிவிட்டான். பெண்ணுக்கு முகம், கை, கூந்தல் எங்கும் பச்சையும் மஞ்சளும் ரோஸுமாகப் பொடி அப்பிக்கொண்டு வந்தது.

மறுநாள் வந்து நான் அவனுக்குச் சொன்ன புத்திமதி இதுதான்: கலரைப் பற்றி ஒன்றுமே எழுதாதே, எழுதாமல் விட்டாலே ஏ.ஐ. வெளுப்பாகத்தான் வரையும். அப்படித்தான் வந்தது, கடைக்காரரும் வாங்கிக்கொண்டார். ஆனால் போகும்போது பழைய படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் பொண்ணோட கலரைச் சொன்னேன், நீங்க பொண்ணு மேல கலரைக் கொட்டி வெச்சிருக்கீங்க."

கோதுமை

தொம்மலூரில் வரன் பார்த்துக் கொடுக்கிற நிலையம் நடத்துபவர் ஒருவர். நோட்டீஸுக்கு ஒரு மணப்பெண் படம் வேண்டும் என்று வந்தார். எனக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று பிராம்ப்ட்டையும் அவரே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். ஜாதகங்களோடு எழுதி எழுதிக் கைப்பழக்கமான இங்கிலீஷ் அது. பெண் 'வீட்டிஷ்', பெண் 'ஹோம்லி'. கறுப்பு என்று சொல்ல மனசு வராமலும் சிவப்பு என்று பொய் சொல்லத் துணியாமலும் நம் ஊர் இங்கிலீஷ் கண்டுபிடித்த கோதுமை நிறம்தான் இந்த வீட்டிஷ். ஹோம்லி என்றால் நமக்குக் குடும்பப் பாங்கு. வெளிநாட்டு இங்கிலீஷில் அதற்குச் சுமாரான மூஞ்சி என்று அர்த்தமாம். "ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க மேடம், பார்ட்டிங்களுக்குப் பழகின வார்த்தைங்க" என்றார். எனக்கும் அன்றைக்கு வாதாடத் தெம்பில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன்.

இடுப்பு உயரக் கதிரோடு ஒரு கோதுமை வயல் வந்தது. வயலுக்கு நடுவில் ஒரு ஓட்டு வீடு. வீட்டு வாசலில், இரண்டு நாளாகச் சாப்பிடாதவள் மாதிரி ஒரு பெண். மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பொண்ணு பரவால்ல மேடம். வயலை மட்டும் எடுத்துடுங்க, அப்புறம் மாப்பிள்ளை வீட்டுல எத்தனை ஏக்கர்னு கேப்பாங்க."

வெளிச்சத்தைக் குறைக்காதீங்க

பிரமிளாக்கா வந்தது ஒரு திங்கட்கிழமை. ஆஸ்டின் டவுனில் சொந்தமாக ஒரு பியூட்டி பார்லர் திறக்கப் போகிறவர். அதற்கு முன் பல வருஷம் பெரிய பார்லர் ஒன்றில் வேலை செய்திருக்கிறார். அங்கே கறுப்பாக ஒரு பெண் உள்ளே வந்தால், அவள் புருவம் திருத்த மட்டுமே வந்திருந்தாலும், முதலில் பிளீச் செய்துகொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும். அது அங்கே உத்தரவு. "நானே கறுப்பு. நான் போய் அதைக் கேட்டா, அவங்க என் மூஞ்சியைப் பாத்துட்டு என்ன சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருப்பாங்க" என்றார். பாதிப் பெண்கள் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் வெளுத்த முகங்களைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார்களாம். இவர் கடை போர்டில் இவர் நிறத்தில் ஒரு கல்யாணப் பெண் இருக்க வேண்டும். அவளைப் பார்த்து, திரும்பிப் போன அந்தப் பெண்கள் உள்ளே வர வேண்டும். கடை ஓடுமா, ஓடாதா என்பதையே அவர் அந்தப் படத்தின் மேல்தான் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு.

ஜெரால்டு சார் நல்லெண்ணத்தோடுதான் குறுக்கே வந்தார். "பார்லர் போர்டுல கறுப்புப் பொண்ணாம்மா? பிளீச்சுக்கு முன்னாடி எடுத்த போட்டோன்னு நெனச்சுக்குவாங்க." அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் அசையவில்லை. நானும் மாநிறம் என்று சொல்லிக்கொள்கிற கறுப்புதான். அதனால் இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. இந்தத் தொழிலில் ஆசை வந்தால் தூக்கம் போய்விடும்.

அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன். விளம்பரக்காரர்கள் மாநிறத்துக்குச் சொல்கிற 'டஸ்கி'யை எழுதினேன். ஏ.ஐ. அதை அந்திப் பொழுது என்று எடுத்துக்கொண்டு, சூரியன் மறைகிற கடற்கரையில் ஒரு வெளுத்த பெண்ணை நிறுத்தியது. காப்பிக் கொட்டை நிறம் என்று எழுதினேன். அதே வெளுத்த பெண், கையில் காப்பிக் கோப்பையோடு வந்தாள். வெள்ளையாக வேண்டாம் என்று எழுதினால் என்ன ஆகும் என்று கிரீடத்திலேயே பட்டாயிற்று. கடைசியில் 'டார்க்' என்று எழுதினேன், அறையில் லைட்டை அணைத்துவிட்டது. அந்த மங்கலில் பெண்ணும் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தாள். அலுப்பில், இதுவே போதுமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டேன். அவர் ஸ்கிரீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "வெளிச்சத்தைக் குறைக்காதீங்க மேடம். வெளிச்சம் அப்படியே இருக்கட்டும், பொண்ணு கறுப்பா இருக்கட்டும்."

அழகை எடுத்தால்

மறுநாள் பிராம்ப்ட்டில் இருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். எந்த வார்த்தை இவளை வெளுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமே. கல்யாணத்தை எடுத்தேன், நகையை எடுத்தேன், பார்லரை எடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அவற்றையெல்லாம் திரும்ப வைத்துவிட்டு 'அழகான' என்ற வார்த்தையை எடுத்தேன். சட்டென்று பெண் கறுத்துவிட்டாள். சந்தோஷப்படுவதற்குள் மற்றதையும் பார்த்தேன். மணப்பெண் என்ற வார்த்தை அங்கேயேதான் இருந்தது, ஆனாலும் பட்டுப்புடவை நூல்புடவையாகியிருந்தது. நகை ஒன்றும் இல்லை. பின்னால் செங்கல் சூளை. முகத்தில் ஏதோ பெரிய துக்கம். 'அழகான' என்பதைத் திரும்ப வைத்தால் நகை வருகிறது, சிரிப்பு வருகிறது, தோல் வெளுக்கிறது. எடுத்தால் தோல் கறுக்கிறது, செங்கல் வருகிறது. சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது மாதிரி அன்று முழுக்க இதையே செய்துகொண்டிருந்தேன்.

ஏ.ஐ. மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது பாட்டுக்குத் தானாக எதையும் நினைப்பதில்லை. இத்தனை காலமாக நாம் போட்டு வைத்த படங்களையும் அவற்றின் கீழே நாம் எழுதி வைத்ததையும் பார்த்துத்தான் படித்திருக்கிறது. அழகு என்று எழுதி யார் படத்தைப் போட்டோம், ஐயோ பாவம் என்று எழுதி யார் படத்தைப் போட்டோம் என்று நம்மிடமே திருப்பிக் காட்டுகிறது. எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்த நாகேஷ், கிண்டல் எதுவும் இல்லாமல், உண்மையாகவே சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டான்: "அழகு, கறுப்பு ரெண்டையும் ஒரே லைன்ல எழுதினா எடுத்துக்கமாட்டேங்குதா மேடம்?"

வலது புருவம்

அவன் கேட்டதுதான் வழி காட்டியது. அழகு என்ற பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஜொலிப்பு, மினுமினுப்பு, கவர்ச்சி என்று பாராட்டுகிற வார்த்தை எதுவும் உள்ளே வரக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுவது. காலை வெயில் ஜன்னல் வழியாக நேராக முகத்தில் விழுகிறது. தமிழ்ப் பெண். அடர்ந்த பழுப்புத் தோல், கழுத்தும் கையும் முகமும் ஒரே நிறம். எண்ணெய் வைத்து வாரி நடு வகிடு எடுத்த தலை, வகிட்டில் நெற்றிச்சுட்டி, இரண்டு பக்கமும் தொங்குகிற மல்லிகைச் சரம். அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு. கண்ணுக்கு மை. தோழி ஒருத்தி ஏதோ கிண்டல் செய்ய, சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போன வாய்.

முதலில் வந்தவளுக்கு இரண்டு தோளிலும் முந்தானை இருந்தது. அடுத்தவளுக்கு மல்லிகைச் சரம் காதில் இருந்து தொங்கியது. இதெல்லாம் எங்களுக்குச் சகஜம். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள். நல்ல வெளிச்சத்தில், நல்ல கறுப்பாக, நல்ல பட்டுடுத்தி, யாரைப் பற்றியும் கவலை இல்லாமல் சிரித்துக்கொண்டு வந்தாள். எங்கள் தெருவில் எத்தனையோ பேர் இப்படி இருக்கிறார்கள், ஒரு போர்டிலும் இவளை நான் பார்த்ததில்லை. போன் செய்தவுடன் பிரமிளாக்கா ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ படத்தைப் பெரிதாக்கச் சொல்லி நெற்றியில் இருந்து மோவாய் வரை தொழில்காரக் கண்ணோடு பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்: "இவதான் மேடம். வலது புருவத்தை மட்டும் நான் பண்ணியிருந்தா இப்படி விட்டிருக்கமாட்டேன்."

இலவச சேவை

நாகேஷ் புருவத்தைச் சரிசெய்து, கடைப் பெயரைச் சேர்த்து, ஃபிளெக்ஸ் அடிக்கிற பிரஸ்ஸுக்கு அனுப்பினான். சனிக்கிழமை மதியம் போர்டு நேராக ஆஸ்டின் டவுனுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் பிரமிளாக்காவிடமிருந்து போன். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க மேடம்" என்று மட்டும் சொன்னார், குரலே சரியில்லை. பஸ்ஸைப் பிடித்துப் போனேன். கடைக்குள் போர்டைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதே புடவை, அதே மல்லிகை, அதே சிரிப்பு. முகமும் கழுத்தும் மட்டும் பவுடர் டப்பாவுக்குள் முக்கி எடுத்த மாதிரி வெளேரென்று இருந்தன. கை பழைய நிறத்திலேயே இருந்தது.

ஏ.ஐ. ஏதாவது செய்துவிட்டதா என்று ஒரு நிமிஷம் எனக்கே குழம்பிவிட்டது. போனில் படத்தைத் திறந்து பார்த்தேன், நாங்கள் அனுப்பியது சரியாகத்தான் இருந்தது. பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிற அண்ணனைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷர். எழுத்துப் பிழை இருந்தால்கூட அடிப்பதற்கு முன் போன் செய்து கேட்பவர். இதற்கு மட்டும் அவர் கேட்கவில்லை. இதில் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. நான் விஷயத்தைச் சொல்வதற்குள், நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முந்திக்கொண்டார்: "முகம் டல்லா இருந்துச்சு மேடம், நானே கொஞ்சம் தூக்கி விட்டுட்டேன். நம்ம ஆபீஸ் வேலைதானே, அதுக்குத் தனியா எதுவும் போடல."

நம்மள மாதிரி

அந்த போர்டை மாட்ட மாட்டேன் என்று பிரமிளாக்கா சொல்லிவிட்டார். "போர்டே இல்லாம வேணா திறக்கறேன்." ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரஸ்ஸைத் திறக்கச் சொல்லி, அண்ணனின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் கை மௌஸ் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்தேன். "லைட்டா, ஒரே ஒரு பாயிண்ட் ஏத்தட்டுமா?" என்று அவர் கெஞ்சினார். வேண்டாம் என்றேன். பேடா என்றும் சொன்னேன். ஈரம் காயாத ஃபிளெக்ஸைச் சுருட்டாமல் ஆட்டோவில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது விளக்கேற்றி முடித்திருந்தார்கள். ஜெரால்டு சார் சர்ச்சில் இருந்து நேராக வந்திருந்தார். அவரும் நாகேஷும் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார்கள். கீழே இறங்கிய சார் போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கேசரி சாப்பிடப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. ஸ்கூட்டரில் போன பெண்கள் இரண்டொருவர் வேகத்தைக் குறைத்து மேலே பார்த்துவிட்டுப் போனார்கள். பிரமிளாக்கா சீப்புகளை எடுத்து அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். சார் சொன்னதுதான் சரியோ என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது தெரிந்தது. எனக்கு அவரைவிட அதிகமாகவே வந்திருந்தது. போர்டு தப்பாகிவிட்டால் அந்தத் தப்பை வரைந்தது நான்.

அப்போது எதிர்ச் சாரியில் ஓர் அம்மாவும் மகளும் நின்றார்கள். மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம், நல்ல கறுப்பு. போர்டைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அம்மாவும் பார்த்தார். இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டி வந்து படி ஏறினார்கள். பிரமிளாக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அந்தப் பெண்ணை உட்கார வைத்தார். "என்ன பண்ணணும்மா?" என்று மட்டும்தான் கேட்டார். நிச்சயதார்த்தத்துக்கு மேக்கப் என்றாள் பெண். காலையில் இருந்து மனசில் இருந்ததை அக்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எங்க கடையைத் தேடி எப்படி வந்தீங்க என்று கேட்டார். அந்த அம்மா செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெள்ளந்தியாகச் சொன்னார்: "மத்த பார்லருங்களுக்குள்ள போகவே கூச்சமா இருக்கும். இங்க போர்டுல நம்மள மாதிரிப் பொண்ணு இருந்துச்சா, சரி, ரேட்டும் நம்மள மாதிரிதான் இருக்கும்னு வந்துட்டோம்."

நான் எழுதியதில் ஏ.ஐ. படிப்பது பாதிதான், நான் எழுதாத பாதியையும் சேர்த்துப் படித்துவிடுகிறவர்கள் மனிதர்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்டது.